தானாகத் திறந்த பூட்டு

குற்றாலத்தில் எங்கள் வீட்டைச் சீசனுக்கு வாடகைக்கு விடுகிறோம். விளக்கும் வாசல் பூட்டும் ஒரே ஸ்மார்ட் பெட்டியில் இயங்கும். போன சீசனில் தங்கிய ஒருவர், தன் போனில் பேசியே விளக்கைப் போட ஆசைப்பட்டார். பெட்டியின் பாஸ்வேர்டைக் கொடுத்தேன்; தன் போனை அதோடு இணைத்துக்கொண்டார். அவர் போன பிறகு அந்த இணைப்பை நீக்காமல் விட்டது என் மடத்தனம்.

மறுவாரம், வருஷம் தவறாமல் சிவகிரியிலிருந்து வரும் தாயும் மகளும் அருவியில் குளித்து வந்து உடை மாற்றும்போது, வாசல் பூட்டு தானாகத் திறந்துகொண்டது. பூட்டின் ஆப்பில் பார்த்தால், திறந்தவர் என்று அந்தப் பழைய ஆளின் பெயர். அவனைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சும்மா 'கதவத் தெற'ன்னு சொல்லிப் பாத்தேன் சார், இன்னும் வேலை செய்யுதா?" என்று சிரித்தான்.

"ஒங்கள நம்பித்தான அண்ணாச்சி வாரோம்?" என்ற அந்தத் தாய், அப்போதே காலி செய்தார்.

இப்போது சாதாரணப் பூட்டுதான். சாவியைக் கையிலேயே கொடுக்கிறேன். இந்தச் சீசனுக்கு அவர்கள் வரவில்லை.