மூடாமல் வந்த கணக்கு

இணையத் தொலைபேசியில் நோயாளிகளிடம் பேசி, சென்னை மருத்துவருக்குக் குறிப்பெடுத்துத் தருவது என் வேலை. ரெட்டியார்சத்திரம் வீட்டில் கரண்ட் போனால் திண்டுக்கல் பிரவுசிங் சென்டருக்கு ஓடுவேன்.

அன்று பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கணினியில் இணையத் தொலைபேசிக் கணக்கை மூடாமலே வந்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். அந்தக் கணினியில் எனக்குப் பிறகு உட்கார்ந்தவர் பஸ் ஜன்னலுக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏம்மா, ஒங்க போன் தொறந்தே கெடக்கு. மணி அடிச்சுச்சு, எடுத்துட்டேன். நீங்கன்னு நெனச்சு ஒரு அம்மா கரு கலைஞ்சதச் சொல்லி அழுதாங்க. கேக்கக் கூடாதுன்னு வச்சிட்டேன்."

இறங்கி சென்டருக்கு ஓடினேன். கடவுச்சொல்லை மாற்றினேன். அந்தப் பெண்ணை அழைத்து என் தவறைச் சொன்னேன்.

"இனிமே பயந்துக்கிட்டேதான் பேசணுமா?" என்றாள்.

அன்றிலிருந்து கணக்கை மூடாமல் நான் எழுவதில்லை. பஸ் போனால் போகட்டும்.