மடிப்பு மாறிய படம்

எங்கள் துறைமுகத்துக்கு வருகிறவர்கள் ஊருக்குத் திரும்பும்போது வாங்கிப்போகும் பயறு மாவுருண்டைப் பெட்டியின் மேல் ஒரு பெண் நிற்கிறாள். தலையில் துண்டு, முதுகில் காலிக் கூடை. கண் கடலைப் பார்க்கிறது. படத்தின் பெயர் ‘காத்திருப்பு’. போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, ஜனங்களின் அன்றாட வாழ்க்கையைப் படம் எடுக்கிறேன் என்று டோக்கியோவிலிருந்து வந்த ஒருவர் எடுத்தது. பத்திரிகையில் வந்தது, பள்ளிப் பாடத்தில் வந்தது, கடைசியில் மாவுருண்டைப் பெட்டிக்கும் வந்தது.

அந்தப் பெண் தொமெ அத்தை. தொமெ என்றால் நிறுத்து என்று அர்த்தம். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால், இனி போதும் என்று கடவுளுக்குச் சொல்வதற்காகக் கடைசிக் குழந்தைக்கு வைக்கும் பெயர். “என்னோட நிறுத்திட்டாங்க. எல்லாமே என்னோட நிக்கும்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போது கண் மட்டும் சிரிக்காது.

படத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். கிமோனோவில் மார்புக்குக் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாக வரும் மடிப்புகளில் வலது மடிப்பு மேலே இருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் இடது மடிப்பைத்தான் மேலே போடுவோம். குழந்தைகூடத் தூக்கக் கலக்கத்தில் சரியாகக் கட்டும். வலதை மேலே போட்டுக் கட்டுவது பிணத்துக்கு மட்டும். ‘ஹிதாரிமாயே’ என்போம். பிணத்தின் கட்டுக்கும் அதே சொல்தான், நொடித்துப்போன கடைக்கும் அதே சொல்தான்.

படம் எடுத்த மாதமே தொமெ அத்தையின் கணவர் கனெகிச்சி போன படகு திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் வெறும் சவப்பெட்டிக்கு ஊதுபத்தி ஏற்றிய வாரத்தில்தான் பத்திரிகை ஊருக்கு வந்தது. மாமியார் படத்தைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

“பொணம் மாதிரி கட்டிக்கிட்டுக் கரையில நின்னிருக்க. கடல் சும்மா விடுமா? எம் புள்ளைய அதுகிட்ட அனுப்பினதே நீதான்டி.”

“சத்தியமா நான் சரியாத்தான் கட்டியிருந்தேன் அத்தை.”

“அப்ப படம் பொய் சொல்லுதா?”

டோக்கியோவில் அச்சான தாள் அது. ஒரு மீன்காரியின் சத்தியத்தைவிட அது கனமானது. தொமெ வீட்டைவிட்டுப் போனார். நான்கு வயது மகள் இசோயே அந்த வீட்டுப் பிள்ளை என்பதால் அங்கேயே தங்கிவிட்டாள். மாமியார் பேத்திக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அந்தக் கதையையும் சேர்த்து ஊட்டினார்.

தொமெ அத்தை துறைமுகத்தின் கடைசியில், எங்கள் மீன்காரர் வரிசையில், ஓர் ஒற்றை அறைக்குக் குடிவந்தார். முதுகில் மீன் சுமந்து மலைக் கிராமங்களுக்குப் போய் விற்றார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் உடை மாற்றி, கடைசி மடிப்பைப் போடும்போது மட்டும் கதவைத் திறந்து தெருவைப் பார்த்து நிற்பார். வலது உள்ளே, இடது மேலே. மெதுவாக, எல்லோரும் பார்க்க. பிறகு கச்சையை இறுக்கிக்கொண்டு கூடையைத் தூக்குவார். “தொமெ கடையைத் திறந்துட்டா” என்று ஆண்கள் கேலி செய்வார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

எங்கள் வரிசையிலிருந்து பல்கலைக்கழகம் போய் வந்த முதல் ஆள் நான். திரும்பி வந்ததும் நகர அலுவலகத்தில் கலாசாரப் பிரிவில் வேலை. தொமெ அத்தை என்னைக் ‘காலேஜு’ என்றுதான் கூப்பிடுவார். மீன் நாற்றத்திலிருந்து தப்பிக்கப் படித்தேனா, இல்லை அதைப் புரிந்துகொள்ளப் படித்தேனா என்று எனக்கே இன்னும் தெரியாது. அந்தக் குழப்பத்தில் இருக்கும்போதுதான், பழைய படங்களை வைத்து ‘நம் ஊரின் வாழ்க்கை’ என்று ஒரு கண்காட்சி நடத்த முடிவு செய்தார்கள். படம் எடுத்தவர் இறந்துபோயிருந்தார். அவர் குடும்பத்தார் பழைய பிலிம்களை அனுப்பிவைத்தார்கள்.

ஊர் ஸ்டுடியோவில் பிரதி எடுத்தபோதே விஷயம் வெளிப்பட்டது. பத்திரிகைக்காரர்கள் அன்று பிலிமைப் பின்பக்கமாகப் புரட்டி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். இடம் வலமாகிவிட்டது. நேராக வைத்து எடுத்தால் பெண் எதிர்ப்பக்கம் பார்க்கிறாள். இடது மடிப்பு மேலே இருக்கிறது. பின்னால் வானமும் தண்ணீரும் மட்டும்தான், ஓர் எழுத்துகூட இல்லை. அதனால்தான் இத்தனை வருடமாக யாருக்கும் தெரியவில்லை.

ஈரம் காயாத பிரதியை எடுத்துக்கொண்டு தொமெ அத்தையிடம் ஓடினேன்.

“இது யாரு?” என்றார்.

“நீங்கதான் அத்தை.”

“நானா? மூஞ்சி கோணலா இருக்கே.” மாறிய படம்தான் கண்ணாடியில் பார்க்கும் முகம் போல அவருக்குப் பழகியிருந்தது. பிறகு பார்வை கீழே இறங்கியது. மடிப்பின் மேல் விரலை வைத்தார்.

“இதைத் தொங்கவிடுவீங்களா, காலேஜு?”

“விடுவோம்.”

“இசோயே வருவாளா?”

“ஊரே வரும் அத்தை.”

“ஊர் வரட்டும், வராமப் போகட்டும். அவ வருவாளா?”

பிரிவுத் தலைவர் குரோயிவாவிடம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் சரியான படத்தைத் தள்ளிவைத்தார்.

“இது எதுக்குப்பா?”

“சார், அதுதான் சார் நிஜம். இது தப்பா அச்சானது.”

“தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா ‘சாவை உடுத்திக்கொண்டு காத்திருக்கும் மனைவி’ன்னு டோக்கியோவுல பெரிய பெரிய ஆளுங்க எழுதியிருக்காங்க. அந்த மடிப்புதான்யா படமே. அதைத் திருப்பிட்டா என்ன மிச்சம்? மீன்கூடையோட ஒரு பொம்பளை. அப்படி நம்ம துறையில ஆயிரம் பேர் நிக்கறாங்க.”

“அவங்க வாழ்க்கையே போச்சு சார்.”

“மாவுருண்டைப் பெட்டியை எல்லாம் நீ மாத்தித் தருவியா?”

தப்பான படம்தான் ஆள் உயரத்துக்குப் பெரிதாகி வாசலுக்கு நேரே தொங்கியது. வேலையை விடுவதாக இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் கிழித்தேன். அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கணவாய் மீனைச் சுத்தம் செய்தபடியே, “சரி. படம் பொய் சொல்லாது இல்லையா” என்றார்.

திறப்பு நாளில் கூட்டம். நகரத் தலைவர் பேசி முடித்துக் கைதட்டல் ஓயும்போது தொமெ அத்தை உள்ளே வந்தார். இருந்ததில் நல்ல கிமோனோ, கறுப்பு. நேராகப் போய்ப் படத்தின் பக்கத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

வலது மடிப்பு மேலே இருந்தது.

பக்கத்திலிருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “தொமெ, மடிப்பு… மடிப்பைப் பாரு” என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

“ஏன், படத்துல இருக்கற மாதிரிதானே கட்டியிருக்கேன்? நான் இப்படித்தான் கட்டுவேன்னு நீங்கதானே இத்தனை வருஷமா சொல்றீங்க. நல்லா பாத்துக்கங்க.”

குரோயிவா என் கையைக் கிள்ளி, “கூட்டிட்டுப் போய்யா” என்றார். நான் நகரவில்லை. அது தைரியமா, கால் வராததா என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் மட்டும் சட்டென்று ஒரு படம் எடுத்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இசோயே வந்தாள். அவள் கணவனும் படகுக்காரன். அன்று அவன் கடலில் இருந்தான்.

“அப்பாவை அனுப்பினது போதாதா? இப்ப என் புருஷனா? இன்னும் யாரைக் கொல்ல வந்திருக்கீங்க?”

தொமெ அத்தையின் கை மடிப்பை நோக்கி எழுந்து பாதியில் நின்றது. வெளியே போனார். தெருவில் அந்தக் கட்டோடேயே, கடைசி அறைவரை நடந்தார்.

இசோயேயின் கணவன் மறுநாள் பத்திரமாகக் கரைக்கு வந்தான். கானாங்கெளுத்தி நிறையக் கிடைத்திருந்தது. ஊரில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கடுத்த நாள் நான் சரியான பிரதியைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு அத்தை அறைக்குப் போனேன். அங்கே இசோயே வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. மடியில் அன்றைய பத்திரிகை.

அதில் தொமெ அத்தையும் பெரிய படமும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் இடது மடிப்பு மேலே இருந்தது. பத்திரிகை அலுவலகத்தில் யாரோ கவனமான ஆள் இருந்திருக்கிறார். உயிரோடிருக்கும் பெண்ணுக்குப் பிணத்தின் மடிப்பா, பிலிம்தான் மாறியிருக்கும் என்று நல்லெண்ணத்தோடு திருப்பி அச்சிட்டுவிட்டார். பெரிய படத்தின் கீழே மாட்டியிருந்த பெயர்ப் பலகையை வெட்டிவிட்டதால் எழுத்தும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பழைய படம் முதல்முறையாகச் சரியாக அச்சானது, இன்னொரு தப்பினால்.

“நான் அங்கதான் இருந்தேன்” என்றாள் இசோயே. யாரையும் பார்க்காமல் சொன்னாள். “என் கண்ணால பாத்தேன். வலதுதான் மேல இருந்துச்சு. இதுல இடது இருக்கு.”

“ஆமா” என்றார் அத்தை.

“அப்ப படம் மாறும்.”

“மாறும்.”

“அப்ப அந்தப் படமும்…” அவள் முடிக்கவில்லை. அவளை வளர்த்தவர், ஊட்டியவர், சாகும்வரை அவள் கையைப் பிடித்திருந்தவர் அந்தப் பாட்டி. வாக்கியத்தை முடித்தால் அவரையும் சேர்த்து முடிக்க வேண்டியிருக்கும். பத்திரிகையை மடித்தாள், பிரித்தாள். “அம்மா” என்றாள். அந்தச் சொல் அவளுக்குப் பழக்கமில்லாதது என்று கேட்டதுமே தெரிந்தது.

தொமெ அத்தை எழுந்து வந்தார். மகள் பக்கத்தில் உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப சொன்னேன். உன் கல்யாணத்தன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னேன். தினம் காலைல ஊருக்கே கட்டிக் காட்டினேன். நம்பல. இன்னிக்கு நம்பிட்ட.”

“ஆமாம்மா.”

“பேப்பரைத்தான்டி நம்பியிருக்க. அன்னிக்கும் பேப்பர், இன்னிக்கும் பேப்பர். என்னை எப்ப நம்புவ?”

அத்தை உள்ளே போய்க் கூடையை எடுத்து முதுகில் மாட்டினார். என் கையிலிருந்த சட்டத்தைப் பார்த்தார். “அது எனக்கு வேணாம் காலேஜு. நான் எப்படிக் கட்டியிருந்தேன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

எங்கள் இருவரையும் தாண்டி மலைப்பாதைப் பக்கம் போனார். கடைசி மடிப்பை அன்று அவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டிருந்தார்.