கன்னி மூலையில் ஒரு ஷெட்

என் மகள் முதன்முதலில் தனியாக நின்றது பக்கத்து வீட்டு ஹாலில். அந்த வீட்டு அக்கா சுவரோரமாக வந்து, "இன்னாம்மா, உன் பொண்ணு எங்க ஊட்ல நின்னுகினு கீறா, வந்து பாரு" என்று கூப்பிட்டார். நான் ஓடுவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

திருநின்றவூரில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே அளவு மனையில், ஒரே மேஸ்திரி கட்டியவை. ஆனால் அக்கா பின்பக்கம் ஒரு தகர ஷெட் போட்டு, சாமான்களை எல்லாம் அதற்குள் தள்ளிவிட்டார். அவர்கள் ஹால் மைதானம் போல ஆகிவிட்டது. எங்கள் ஹாலில் ஏணி, மிஞ்சிய டைல்ஸ், பெயின்ட் டப்பாக்கள், காலி சிலிண்டர். குழந்தையைக் கீழே விடவே பயம். நடக்கவும் அங்கேயே பழகிவிடுவாளோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் நடையாவது எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு ஷெட் வேண்டும்.

வடகிழக்கு மூலையில் தாராளமாக இடம் இருந்தது. ஊரிலிருந்து மாமியார் போனிலேயே தடுத்தார்: "ஈசானியத்துல பாரம் ஏத்தாத. பாரம்னா கன்னி மூலைலதான்." கன்னி மூலை என்கிற தென்மேற்கு, எங்களுக்குக் குளியலறைச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒரு சந்து. சரி என்றேன். மீறிக் கட்டி, நாளை குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அந்த மூலையைத்தான் சொல்வார்கள். நானே சொல்லிக்கொள்வேன்.

வெல்டிங் கடைக்காரர் சில மாதிரிகள் காட்டினார். நான் எதையும் பார்க்காமல் அக்கா வீட்டு ஷெட்டின் படத்தை நீட்டினேன். "இதே மாதிரி. கதவும் ரெண்டு. அதே பச்சை."

"நம்ம எடத்துக்கு ஒத்தக் கதவு போதாதா?" என்றார் கணவர்.

அவங்களுக்கு ரெண்டு இருக்கே என்று வாய் வரை வந்தது. "அதுதான் உறுதி" என்றேன்.

ஷெட் நின்றது. கதவை இழுத்தோம். ஒரு கை நுழையும் அளவு திறந்து, குளியலறைச் சுவரில் டங்கென்று முட்டியது. காம்பவுண்டுக்கு மேலே அக்காவின் தலை.

"இன்னாம்மா, பூனை பூந்து போறதுக்கா கட்டினே?"

கணவர் சிரித்தே விட்டார். எனக்கு அழுகை முட்டியது. "கதவக் கழட்டிட்டு ஏதாச்சும் தொங்க உடுப்பா" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அக்கா தன் தம்பியின் கல்யாண ஃப்ளெக்ஸ் பேனரை எடுத்துவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இப்போது எங்கள் ஷெட் வாசலில் அவர் தம்பி மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு தொங்குகிறார்.

சாமான்கள் போய் ஹால் காலியானது. துடைத்து, ஈரம் காய ஃபேன் போட்டேன். அக்கா பார்க்க வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். என் முழங்காலைப் பிடித்து நின்றிருந்த குழந்தை, அவரைக் கண்டதும் கையை விட்டாள். ஒரு அடி, இன்னொரு அடி. அவரை நோக்கித்தான்.

அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்னாண்ட வராதடி. உங்கம்மாவாண்ட போ."

குழந்தை திகைத்து நின்றாள். திரும்பினாள். ஆடி ஆடி என் பக்கம் வந்தாள். விழுந்துவிடுவாளோ என்று பாதியிலேயே பாய்ந்து தூக்கிக்கொண்டேன்.

"ஐயே, நடந்துகினு இருந்த புள்ளைய ஏன் தூக்கினே? உடு, வரட்டும்."

இறக்கிவிடவில்லை. என் தோளுக்கு மேலாக அவள் அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நான் திரும்பி நின்றுகொண்டேன்.