பின்னறையில் ஊறிய தண்ணீர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. ஈரம் பிடித்த வீடுகளைக் காய வைத்துக் கொடுப்பது என் தொழில். பூஞ்சை, புழு, செத்த எலி, ஊறி நாறிய மெத்தை என்று எல்லாவற்றையும் இந்தக் கையால் அள்ளியிருக்கிறேன். அள்ளிப் போட்டுவிட்டு, கை கழுவி, வயிறாரச் சாப்பிட்டும் இருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு இன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்க்காமல் குடிக்க முடியவில்லை. எல்லாம் என் அக்கா வீட்டுப் பின்னறை செய்த வேலை.

அக்கா அந்த வீட்டுக்குக் குடி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. தரைத்தளம். அக்காவும் அவளுடைய ஆறு வயது மகளும் மட்டும்தான். அக்கா வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. மகளை நாங்கள் பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம். உருண்டையாக இருந்தவள், மழை தொடங்கியதும் இழுப்பு வந்து பாதியாகிவிட்டாள். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டுல ஈரம் இருக்கான்னு பாருங்க. அதைச் சரி பண்ணாம வெறும் மருந்து போதாது" என்று சொன்னாராம். அக்கா எனக்குப் போன் செய்தாள்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குப் போனேன். பின்னறையில் மீட்டரை வைத்தேன். காற்றில் ஈரம் தொண்ணூற்றொரு சதவீதம். அறுபதைத் தாண்டினாலே பூஞ்சைக்கும் தூசிப்பூச்சிக்கும் கொண்டாட்டம்தான். துணி காயப் போடுவதும் அங்கேதான், குளியலறைக் கதவு திறப்பதும் அங்கேதான். அப்புறம் குழந்தைக்கு நெஞ்சு எப்படி நன்றாக இருக்கும்? அலமாரியை நகர்த்தினேன். சுவர் முழுக்கக் கறுப்பு. துணியை வைத்துத் துடைத்தால் சளி மாதிரி கொழகொழவென்று கூடவே வந்தது. நாற்றம் வேறு. ஈரச் சுவர் என்றால் மண்வாடை அடிக்கும். இதில் பல் விளக்காத வாயின் வாடை அடித்தது. எனக்கே 'சீ' என்று வாய்விட்டு வந்துவிட்டது.

சுரண்டினேன், மருந்து அடித்தேன், ஜன்னலைச் சாத்தி, காற்றுத் துளைக்கு டேப் ஒட்டினேன். ஈரம் உறிஞ்சும் மிஷினை நடுவில் வைத்துப் போட்டுவிட்டேன். மிஷின் ஓடும்போது அறை மூடியே இருக்க வேண்டும். பட்டாணி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

மறுநாள் மிஷினுக்கு அடியில் வைத்திருந்த பக்கெட்டில் பத்து லிட்டர் தண்ணீர் இருந்தது. பார்க்கக் கண்ணாடிபோல இருந்தது. அங்கேதான் நான் பெரிய மேதாவி மாதிரி வாயை விட்டேன்.

"பேட்டரிக்கு ஊத்துற தண்ணி மாதிரி சுத்தம்க்கா. உன் குழாய்த் தண்ணிக்கு இது எவ்வளவோ தேவலை."

சுவர் காயக் காயத் தண்ணீர் குறைய வேண்டும். மூன்றாம் நாளும் பத்து லிட்டர். நாலாம் நாள் பன்னிரண்டு. ஐந்தாம் நாள் பதினைந்து. மழை விட்டு இரண்டு நாளாகிவிட்டது. குழாய் எதுவும் ஒழுகவில்லை, நானே சோதித்தேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் தெரு. பட்டாணிக்கோ இழுப்பு கூடிக்கொண்டே போனது. கழுத்துக் குழி உள்ளே வாங்குவதைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணி. வெளியே நல்ல வெயில். பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பக்கெட்டுக்குள் கையை விட்டேன். மிஷின் தண்ணீர் எப்போதும் சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. விரலை வெளியே எடுத்தேன்... நூலாக நீண்டது.

எச்சில்.

மூன்று ஐந்து. மீட்டரைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

எழுபத்திரண்டு. எழுபத்தாறு.

எழுபத்திரண்டு. எழுபத்தாறு.

இந்த மீட்டர் இவ்வளவு வேகமாக மாறவே மாறாது. என் மூச்சு படுகிறதோ என்று மூச்சை அடக்கினேன். மிஷினையும் நிறுத்தினேன்.

எழுபத்திரண்டு... எழுபத்தாறு...

அப்போது கேட்டது.

ஸ்ஸ்... ஈஈ... ஸ்ஸ்... ஈஈ...

பட்டாணியின் விசில்.

"பட்டாணி? இங்க என்னடி பண்ற?"

அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. நான் சுரண்டிய இடத்தில் வட்டமாக ஈரம். என் இடுப்பு உயரத்தில். உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன்.

ஊதியது.

சூடாக.

கையெல்லாம் பிசுபிசுத்தது. கதவை எப்படித் திறந்தேன் என்றே தெரியவில்லை.

கூடத்தில் பட்டாணி, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். ஆழமாக இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். கூடம் முழுக்க அதே வாய் நாற்றம்.

"அக்கா... அது என்ன தண்ணி?"

"மிஷின் தண்ணிடா. நீதானே சுத்தம்னு சொன்ன. அஞ்சு நாளா இதுலதான் ஆவி பிடிக்கிறா. இன்னைக்குக் கொஞ்சம் கொழகொழன்னு இருந்துச்சு... துணில வடிகட்டிட்டேன்."

வாசல்வரை போக முடியவில்லை. அங்கேயே, அக்கா காலடியிலேயே வாந்தி எடுத்தேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருவரையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மிஷினைப் பழைய இரும்புக் கடையில் தூக்கிப் போட்டேன். பத்தே நாளில் பட்டாணிக்கு இழுப்பு நின்றது. கன்னம் மறுபடி உப்பியது. "ஈரம், பூஞ்சை. இடத்தை மாத்தினதே பாதி வைத்தியம். ஆனா அந்த மாதிரித் தண்ணில எல்லாம் ஆவி பிடிக்கக் கூடாதுங்க," என்றார் டாக்டர். அவர் சொன்னதையே நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் நமக்கு என்னென்னவோ தோன்றும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குச் சும்மா ஒரு பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் ஸ்டெதஸ்கோப் குழாயைப் பட்டாணி நெஞ்சில் வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் எண்ணினார். டாக்டர் கண்ணை மூடி, மூச்சுச் சத்தத்தைக் காதால் எண்ணினார். சரியாக ஒரு நிமிடம்.

"இருபத்திரண்டு," என்றார் நர்ஸ்.

"நாப்பத்திநாலு," என்றார் டாக்டர்.

குழாயை மாற்றி இன்னொரு தடவை எண்ணினார்கள்.

இருபத்திரண்டு. நாற்பத்து நான்கு.

"நல்லாத்தான் இருக்கா. சளி இல்ல, இழுப்பு இல்ல," என்றார் டாக்டர், எங்கள் முகத்தைப் பார்க்காமல். நர்ஸ் சீட்டில் இருபத்திரண்டு என்று மட்டும் எழுதினார்.

வெளியே வந்தோம். பட்டாணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, குனி. முத்தம் தரேன்."

குனிந்தேன். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.