கொல்லையில் நின்ற செவலை

எங்கள் வீட்டுக் கக்கூஸ் கொல்லையின் கடைசியில் இருந்தது. அடுக்களைக் கதவிலிருந்து அங்கே போக ஒரே ஒரு வழிதான். அந்த வழியில் அப்பா ஒரு குதிரையைக் கட்டி வைத்துவிட்டார். மூன்றாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை விடுமுறையை நான் பெரும்பாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றே கழித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் ஆட்டோக்கள் பெருகிவிட்டன என்றாலும் எங்கள் தெருப் பிள்ளைகள் அப்பாவின் குதிரை வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் எங்கள் கிழட்டுக் குதிரை படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டது. பள்ளி திறப்பதற்குள் வேறு குதிரை பழகாவிட்டால் பிள்ளைகளெல்லாம் ஆட்டோவில் ஏறிவிடுவார்கள், அப்புறம் இறங்க மாட்டார்கள். அப்பா பழனிப் பக்கம் போய் ஒரு செவலைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். “ஒத்து வரலீன்னா திருப்பிக் கொண்டாந்து விட்டுருங்க, நானே வெச்சுக்கறேனுங்க” என்று விற்றவர் சொன்னாராம். விற்கும்போதே அப்படிச் சொல்பவரைப் பற்றி அப்பா கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

செவலையின் இடது காது நுனி கிழிந்திருந்தது. இடது கண்ணுக்குக் கீழே தாடைவரை முடி முளைக்காத ஒரு தழும்பு. அந்தப் பக்கம் யார் போனாலும் காதை மடக்கிக்கொண்டு பல்லைக் காட்டும். வந்த அன்றே அப்பாவின் தோளைக் கடித்தது. சில நாள் கழித்துக் கக்கூஸ் கதவின் அடிப்பலகையை உதைத்துப் பிளந்தது. உள்ளே அம்மா இருந்தாள். வெளியே வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போய்விட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கோவிலில் புனித சந்தியாகப்பரின் சுரூபம் இருந்தது. வெள்ளைக் குதிரையில் வாளோடு உட்கார்ந்திருப்பார். குதிரையின் குளம்புக்கு அடியில் ஒருவன் மல்லாந்து கிடப்பான். மற்றவர்கள் புனிதரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் ஞாயிறுதோறும் அடியில் கிடப்பவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாய் திறந்திருந்தது. கத்துகிறான், யாரும் கவனிக்கவில்லை.

கதவு பிளந்த அன்று அம்மா சொல்லிவிட்டாள். “அந்தாள்கிட்டயே கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. பிள்ளை இருக்கிற வீடு.”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அதோட மூஞ்சியப் பாத்தியா? எதுக்க நின்னு அடிச்சிருக்கான். வலது கையால அடிச்சா இந்தப் பக்கந்தான் விழும். அடிச்சவன்கிட்டயே திரும்பக் கொண்டுபோய் விடவா? அதுக்கு நான் மனுசனா?”

அத்தை அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா சொல்லி முடித்ததும் அவள் கை நின்றது. பிறகு மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. செம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் ஒரு தகரப் பெட்டியோடு வந்தவள் ஈஸ்டர் முடிந்தும் போகவில்லை. “கோவிச்சுக்கிட்டு வந்திருக்கா, சரியாயிரும்” என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு காது மந்தமாகியிருந்தது. குளிர் ஏறிவிட்டது என்று அவளே சொன்னாள். அதனால் அவளோடு பேச வேண்டுமென்றால் நான் வலது பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். ராத்திரி அவள் பக்கத்தில்தான் படுப்பேன். அவள் போகாமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்பது என் ஜெபங்களில் ஒன்று.

ஆனால் அப்பா ஒரு முடிவு வைத்திருந்தார். “குதிரை பழகட்டும். பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ்ல போய் இறங்கினா ஊரு என்ன பேசும்? நம்ம வண்டியிலயே கவுரவமாக் கொண்டுபோய் விடுறேன்.” ஆக, குதிரை பழகினால் எங்களுக்குச் சோறு, அத்தைக்குப் பயணம். அந்தக் கணக்கு எனக்குக்கூடப் புரிந்தது.

அப்பா கெட்டவரில்லை, அவசரக்காரர். அவர் கடிவாளத்தோடு கிட்டே போகப் போக, குதிரை கயிற்றை அறுக்கப் பார்த்தது. குதிரைக்குள் பேய் இருக்கிறது என்று தெருவில் பேச்சு வந்துவிட்டது. சாமியாருக்கு உதவியாக ஜெபம் சொல்லும் கோவில் உபதேசியாரை அம்மா கூட்டி வந்தாள். அவர் தீர்த்தச் செம்போடு கொல்லைக்குள் வந்து, மந்திரிக்கிற குரலில் ஜெபித்து, குருத்தோலையைத் தீர்த்தத்தில் நனைத்து, கையைத் தலைக்கு மேலே ஓங்கி ஒரு வீசு வீசினார். அவ்வளவுதான். செவலை இரண்டு காலில் எழுந்து நின்றது. அது போட்ட சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. கயிறு அறுந்தது. உபதேசியார் ஒற்றைச் செருப்போடு சுவரேறிப் பக்கத்து வீட்டுக்குள் குதித்தார். நான் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

“தீர்த்தம் பட்டதும் எப்புடித் துள்ளுச்சு பாத்தீகளா! அம்புட்டும் பேய்தான்” என்று உபதேசியார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நானும்தான்.

அத்தை மட்டும், “தண்ணிக்குத் துள்ளல. கையத் தூக்குனதுக்குத் துள்ளுச்சு” என்றாள். யாரிடமும் சொல்லாமல் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் அத்தை ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, கொல்லையின் இந்தக் கோடியில் உட்கார்ந்தாள். குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்தாள். வாய்க்குள் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சீரான முணுமுணுப்பு. குதிரையை அவள் திரும்பியே பார்க்கவில்லை. கீரை முடிந்ததும் ஊறவைத்த கொள்ளைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

தினமும் இதுதான். ஒவ்வொரு நாளும் கூடை கொஞ்சம் முன்னால் போகும். குதிரை காதை மடக்கினால் அத்தை எழுந்து கூடையைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். அதட்ட மாட்டாள், கொஞ்சவும் மாட்டாள். நான் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். அத்தை செத்துப்போய்விடுவாள் என்று தினமும் உறுதியாக நம்பினேன். சந்தியாகப்பரின் குதிரைக்கு அடியில் கிடந்தவன் என் கண்ணில் இப்போது அத்தையின் சேலையைக் கட்டியிருந்தான்.

“இம்புட்டு நாளா கூடைய முன்னுக்கும் பின்னுக்கும் நகத்திக்கிட்டே இருந்தா எப்படி? பள்ளிக்கூடம் தெறக்கப் போகுது” என்றாள் அம்மா.

“அதுக்குப் பயம் போகணும்ல மதினி. நம்ம அவசரம் அதுக்குத் தெரியுமா?” என்றாள் அத்தை.

பிறகு ஒரு நாள் கொள்ளைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். குதிரை கழுத்தை நீட்டி, பின்வாங்கி, மறுபடி நீட்டி எடுத்துத் தின்றது. அப்புறம் ஒரு பிடி புல்லால் அதன் வலது தோளைத் தடவினாள். அது நடுங்குவதற்குள் கையை எடுத்துவிட்டாள். “போதும்னு அது சொல்றதுக்கு முன்னாடியே நம்ம நிறுத்திரணும்” என்று என்னிடம் சொன்னாள். இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம்.

“அத்தை, மாமா வீட்டுல குதிரை இருந்துச்சா?”

அவள் கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள். “இல்ல பாப்பா” என்றாள்.

ஒரு நாள் என்னையும் கூப்பிட்டாள். நான் வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். “எங்கிட்டப் பேச எந்தப் பக்கம் வருவ? அதே மாதிரி வா” என்றாள். வலது பக்கமாக, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். உள்ளங்கையில் கொள்ளு. சூடான மூச்சு முதலில் வந்தது, பிறகு ஈரமான உதடு. நான் கண்ணைத் திறக்கவே இல்லை. அப்படியும் அன்று முதல் கக்கூஸுக்குத் தனியாகப் போக முடிந்தது, ஓட்டமாகத்தான்.

ஒரு மத்தியானம் செவலை தானாகவே வந்து, தழும்பு இருந்த பக்கத்தை அத்தையின் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றது. அத்தை அசையவில்லை. ஜெபமாலை நின்றுவிட்டது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அழுகிறாளே என்று எனக்குப் பயமாகிவிட்டது. துணி எடுக்கக் கொல்லைக்கு வந்த அம்மா அதைப் பார்த்தாள். சாயங்காலம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரமே வண்டியைக் கழுவினார்கள்.

அத்தை முன்னால் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தால் செவலை வண்டி கட்ட விட்டது. அவள் நகர்ந்தால் விடவில்லை. அதனால் அத்தையைக் கொண்டுபோய் விடுவதற்கான வண்டியை அத்தைதான் நின்று கட்டிக் கொடுத்தாள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அம்மா முறுக்கும் அதிரசமும் சுட்டுத் தூக்குவாளியில் வைத்தாள். பெட்டி பின்னால் ஏறியது. எனக்கு வண்டியின் முன்பக்கம், அப்பா பக்கத்தில் இடம் கிடைத்தது.

விடியற்காலையில் கிளம்பினோம். சின்னாளபட்டியைத் தாண்டும்வரை லாரி வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் அத்தையின் முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே வந்தது. குதிரையின் காது ஒன்று அவள் பக்கமே திரும்பியிருந்தது.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நல்ல சிரிப்பாகச் சிரித்தார். “வாங்க மச்சான், வாங்க. சொல்லி விட்டிருந்தா நானே வந்து கூட்டிட்டு வந்திருப்பேன்ல” என்றார். அப்பா குனிந்து சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

செவலை காதை மடக்கித் தலையைப் பின்னுக்கு இழுத்தது. வண்டி குலுங்கியது. விழுந்துவிடுவேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். இறங்கி நின்ற அத்தை கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அப்படியே சுருங்கி நின்றாள். ஒரு நொடிதான். அப்புறம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம். அத்தை இல்லாத வண்டியை இழுக்கக் குதிரைக்கு மனமில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தது. அப்பா இறங்கி அதன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. குதிரை எந்த நேரமும் பிய்த்துக்கொண்டு ஓடும், நான் சக்கரத்துக்கு அடியில் கிடப்பேன் என்று பயந்தேன். அந்தப் பயத்தைப் போக்கவும், அப்பாவைச் சிரிக்க வைக்கவும் ஒரு வேடிக்கையைச் சொன்னேன்.

“அப்பா, அத்தையும் குதிரை மாதிரியே பயப்படுது. மாமா துண்ட உதறுனாருல்ல, ரெண்டும் ஒண்ணாத் துள்ளுச்சுக. அத்தை மூஞ்சிய மூடிக்கிருச்சு.”

அப்பா சிரிக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார். ஒரு புளியமரத்தடியில் நின்றார்.

“எந்தப் பக்கம் மூடுச்சு?”

நான் என் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். காதையும் சேர்த்து.

அப்பா குதிரையின் தழும்பில் கை வைத்தபடி நின்றார். இரண்டு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. பசிக்கிறது என்றேன். அவர் காதில் விழவில்லை. பிறகு வண்டியைத் திருப்பினார்.

மாமா வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்ததும் என்னை வண்டியிலேயே விட்டுவிட்டு அப்பா உள்ளே போனார். கடிவாள வாரைப் பிடிக்கக்கூட ஆளில்லை. உள்ளேயிருந்து மாமாவின் சத்தம் கேட்டது. ஏதோ பாத்திரம் விழுந்தது. செவலை முன்னங்காலால் தரையைத் தட்டியது. இந்த உலகத்தில் நானும் அந்தக் குதிரையும் மட்டும் இருப்பதுபோல அப்படியொரு பயம். அத்தை சொல்வதுபோலவே வாய்க்குள் ஜெபத்தை முணுமுணுக்க ஆரம்பித்தேன். பாதி வரி மறந்துவிட்டது. தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னேன். செவலையின் ஒரு காது மெல்ல என் பக்கம் திரும்பியது. தட்டுவதை நிறுத்தியது.

அப்பா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். சட்டையில் ஒரு பித்தான் இல்லை. பின்னால் அத்தை, காலில் செருப்பில்லாமல் வந்தாள். அப்பா என்னைத் தூக்கிப் பின்னால் பெட்டிமேல் உட்கார வைத்தார். என் இடத்தில் அத்தையை உட்காரச் சொன்னார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பயந்து, இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் முன்னால் உட்காரும் இடமும் போய்விட்டது. சின்னாளபட்டிவரை அழுதேன். முன்னால் அத்தையும் அழுதுகொண்டிருந்தாள், தோள் குலுங்குவது தெரிந்தது. அவளுக்கும் அந்த இடம் பிடிக்கவில்லை போல என்று நினைத்து, எட்டி அவள் காதருகே போய்க் கேட்டேன்.

“பிடிக்கலைன்னா எனக்குக் குடுத்துர்றதுதானே அத்தை?”

அவள் திரும்பவில்லை. நான் அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.