வீடு முழுக்கக் கேட்ட கடிதங்கள்

விக்டோரியா மகாராணி காலத்துப் பெண் எழுத்தாளர்கள் இருவரின் நட்பைப் பற்றியதுதான் ஜெர்மனியில் கொலோன் நகரில் நான் தொடங்கிய முதுகலை ஆய்வு. அவர்கள் நேரில் சந்தித்தது குறைவு. நட்பு கடிதங்களிலேயே வளர்ந்தது. அந்தக் காலத்தில் ஒருவருக்கு வந்த கடிதத்தைக் காலைச் சாப்பாட்டு மேசையில் வீட்டார் எல்லோருக்கும் உரக்க வாசிப்பார்கள். அதை அழகான வழக்கம் என்று எழுதியிருந்தேன். எழுத்து வராமல் தவிப்பதாக ஒருத்தி எழுதிய கடிதத்தை மற்றவள் விருந்தாளிகள் முன்னிலையில் வாசித்துவிட்டாள். எழுதியவள் கோபித்துக்கொண்டாள். அந்தக் கோபத்தை நான் வேடிக்கையாகத்தான் விவரித்திருந்தேன்.

பிறகு மகள் பிறந்தாள். ஆய்வு பாதியில் நின்றது.

என்னோடு படித்த தோழி இப்போது ஹனோவர் நகரில் கணவரின் பெற்றோரான மாமா மாமியோடு இருக்கிறாள். அவளுக்கும் கைக்குழந்தை. எழுத நேரமில்லாததால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் அனுப்பிக்கொள்வோம். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். மகள் விடாமல் அழும்போது அவளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, குளியலறைக் கதவைப் பூட்டி, அழுகை கேட்காதபடி தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிறேன். நான் தாயாக இருக்கத் தகுதியில்லாதவளோ? கணவருக்கு மட்டும் இது தெரியவே கூடாது என்றிருந்தேன். தெரிந்தால், பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு எப்படி நிம்மதியாக வேலைக்குப் போவார்?

தோழியின் மகனுக்கு முதலாவது பிறந்தநாள். மூவரும் ரயிலில் போனோம். வாசலில் நாங்கள் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அவளுடைய மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்ரூமுக்குள்ள பூட்டிக்கொண்டு நிக்கிறதுக்கு ஏன் பிள்ளை வெக்கப்படுறீர்? நானும் மூண்டு பெத்தனான். கிணத்தடியில போய் நிண்டு அழுதிருக்கிறன்."

"தண்ணியை மட்டும் கனக்கத் திறக்காதேங்கோ பிள்ளை, பிறகு பில் வரேக்கயும் அழ வேண்டி வரும்" என்றார் உள்ளேயிருந்து மாமா. அவரோடு இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

பக்கத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு நின்ற கணவர் மாமியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

சமையலறைக்குப் போய்த் தோழியைப் பிடித்தேன்.

"எல்லாருக்கும் சொன்னனீரோ?"

"நான் ஏன் சொல்லுறன்? ரொட்டி சுடேக்க கையெல்லாம் மா. ஸ்பீக்கரில போட்டுத்தான் கேக்கிறனான்."

"எல்லாரும் இருக்கேக்கயா?"

"இந்த வீட்டில எப்ப எல்லாரும் இல்லை? நீர்தானே சொன்னனீர், அந்தக் காலத்தில கடிதம் வந்தா வீடே கூடியிருந்து கேட்கும், எவ்வளவு வடிவு எண்டு. உமக்கு அது பிரச்சினையில்லை எண்டெல்லோ நினைச்சன்." அவள் முகத்தில் கேலி இல்லை. "மாமிதான் உம்மைக் கட்டாயம் கூப்பிடச் சொன்னவ."

கேக் வெட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அங்கிருந்த ஒவ்வொருவரும் என் குரலைக் கேட்டிருக்கிறார்கள். கேட்காதவர் என் கணவர் ஒருவர்தான். கோபித்துக்கொண்ட அந்தப் பெண் எழுத்தாளரை வேடிக்கையாக எழுதியதற்கு வெட்கப்பட்டேன். தோழியிடம் கோபப்படலாமா, கூடாதா என்பதுகூட எனக்கு விளங்கவில்லை.

திரும்பும்போது ரயில் பீலஃபெல்ட் நகரத்தைத் தாண்டியது. மகள் கணவரின் மடியில் தூங்கிப்போயிருந்தாள். இனி என்னை நம்ப மாட்டார் என்றே முடிவு செய்திருந்தேன்.

"நான் அடிக்கடி குப்பை கொட்டக் கீழ போறனான், கவனிச்சனீரோ?" என்றார்.

"ஓம்."

"வாளியில ஒண்டும் இருக்காது. பிள்ளை அழத் தொடங்கினா எனக்கு நெஞ்சு படபடக்கும். அங்க போய்ச் சும்மா நிக்கிறனான். நீர் கெட்டிக்காரி, சமாளிப்பீர் எண்டு நினைச்சுக்கொண்டு."

இத்தனை நாளும் நான் பூட்டிய கதவுக்கு வெளியே, தொட்டிலில் அழுத மகளைத் தவிர ஒருவருமே இருந்திருக்கவில்லை.