நீக்கிய நகலின் தடம்

மாதாப்பூர் அலுவலகத்தில் சர்வர்களின் சேமிப்பு இடத்தைக் கவனிப்பது எங்கள் இருவரின் வேலை. உடன் வேலை பார்ப்பவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; திருநெல்வேலிக்காரர், என்னைவிட மூத்தவர். இருவருக்கும் வீடு அல்வாலில் என்பதால் அவருடைய ஸ்கூட்டரில்தான் போய்வருவேன்.

வால்யூம் என்பது சர்வரில் தகவல்களைச் சேமிக்கும் ஒரு பகுதி. அது ஒரு நேரத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துவைக்கும் நகல்தான் ஸ்னாப்ஷாட். அந்த நகலிலிருந்து இன்னொரு நகலும் எடுக்கலாம். நடுவில் இருப்பதை நீக்கிவிட்டால், அப்படி ஒன்று இருந்தது பிறகு வால்யூம் பட்டியலில் தெரியாது. நீக்கியவற்றையும் பதிந்துவைக்கும் வசதி ஒன்று உண்டு. அதை நான்தான் இயக்கிவைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

டெஸ்டிங் குழு ஒருநாள் தங்கள் நகல் ஒன்றைக் காணவில்லை என்று மேனேஜரிடம் புகார் சொன்னது. மறுநாள் மீட்டிங். புகார் வந்த அன்று மாலையே நான் தேடிப் பார்த்துவிட்டேன். நீக்கப்பட்டது என்பதற்கு அடையாளமாக, நகலின் பெயருக்கு முன்னால் ஒரு சிறு கோடு. பக்கத்தில் நீக்கிய நேரம். அந்த நேரத்தில் பணியில் இருந்தது அக்கா மட்டும்.

காலையில் வண்டியில், தமிழில் திட்டினால் தெலுங்கில் மன்னிப்புக் கேட்கும் தன் மகனைப் பற்றி அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். நானும் சிரித்துக்கொண்டே வந்தேன். விஷயத்தைச் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. எல்லோர் முன்னாலும் நான் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும் என்றிருந்தது.

மீட்டிங்கில் பெரிய திரையில் காட்டினேன். அந்த நேரத்தில் யார் பணியில் இருந்தார்கள் என்று மேனேஜர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா, தான்தான் நீக்கியதாகச் சொன்னார். இடம் நிரம்பிக்கொண்டு வந்தது, விட்டிருந்தால் எல்லா வால்யூம்களும் நின்றிருக்கும் என்றார். யாரிடம் கேட்டு நீக்கினீர்கள் என்பதுதான் மேனேஜரின் அடுத்த கேள்வி. அங்கேயே, சர்வர்களில் அக்காவுக்கு இருந்த அனுமதிகளை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தவள் நான்.

மாலையிலும் அக்காவின் வண்டியில்தான் வீட்டுக்கு வந்தேன். சிக்னலில் வண்டி நின்றதும், அவர் திரும்பாமலே கேட்டார்:

“நீ பொய் ஒண்ணும் சொல்லல. ஆனா காலைல வரும்போதே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லிருக்கணும்க்கா.”

“சரி, கால ஒழுங்கா வச்சுக்கோ. பச்சை விழுந்துட்டு.”

மறுநாள் பழைய எச்சரிக்கைச் செய்திகளை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. இடம் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. மேனேஜரிடம் கொண்டுபோனேன். நேற்றே காட்டியிருக்கலாமே என்றார் அவரும். சில வாரங்களில் அனுமதிகள் திரும்பக் கிடைத்தன. ஆனால் அதற்குள் அக்கா வேறு குழுவுக்குக் கேட்டு மாற்றல் வாங்கியிருந்தார்.

இப்போது நான் பஸ்ஸில் போகிறேன். கேன்டீனில் பார்த்தால் நின்று, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறார். முன்பெல்லாம் என்னை அவர் ஒருமையில்தான் கூப்பிடுவார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு நகர்கிறேன்.